வான் கோ வரைந்த முதியோர்

வின்ஸென்ட் வான் கோ என்றவுடன் சூரியகாந்தி மலர்களே பலர் நினைவுக்கு வரும். அம்மலர்களைத் தீட்டுவதற்குப் பல்லாண்டு முன்னரே அவர் பென்சிலால் வரைந்து வைத்த கிழவர்களை அறிந்தோர் சிலரே.

1853-ஆம் ஆண்டு ஹாலந்து தேசத்தில் ஒரு போதகரின் குமாரராய்ப் பிறந்த வான் கோ, சித்திர வியாபாரிகளிடம் சில காலம் ஊழியம் பார்த்தபின், பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சுவிசேஷ ஊழியராய்ச் சென்றார். உடுத்த உடையையும் ஏழைகட்கு ஈந்த அவரைப் பிரசங்க வன்மை போதாதென்று 1879-இல் விலக்கிவிட்டனர். மறு ஆண்டு, தமது இருபத்தேழாம் வயதில், ஓவியம் பயிலத் தொடங்கினார்.

1882-இல் ஹேக் நகரில் அவர் வசித்தபோது, திருச்சபையாரின் முதியோர் விடுதியினின்றும் ஏழைக் கிழவர் சிலர் சிறு கூலி பெற்று அவர்முன் வந்து அமர்ந்தனர். அவருள் அட்ரியானுஸ் ஸைடர்லாந்து என்பார் எழுபது கடந்தவர். சட்டைக் கையில் 199 என்னும் விடுதி எண்ணும், மார்பில் பழைய யுத்தப் பதக்கமும் உடையவர். குடை பிடித்தும், உயர்ந்த தொப்பி அணிந்தும் அவர் நிற்க, வான் கோ தடித்த காகிதத்தில் தச்சர் பென்சிலால் வரைவார். பென்சிலின் பளபளப்பு மங்குமாறு நீர் கலந்த பாலை அதன்மேல் ஊற்றுவார். மாதிரிகளுக்குப் பெருங்கூலி கொடுக்க இயலாமையே இதற்குக் காரணம் என்பாருமுளர். அது ஓரளவு மெய்யே. ஆயினும் ஒரே கிழவரை மீண்டும் மீண்டும் வரையும்படி வறுமை யாரையும் ஏவுமோ?

ஸெல்ஸி விடுதியில் வாழ்ந்த முதிய போர்வீரரை ஹெர்க்கோமர் வரைந்த சித்திரம் 1871-இல் 'கிராபிக்' என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையில் வெளிவந்திருந்தது. இத்தகைய பத்திரிகைப் படங்களை வான் கோ ஆர்வத்தோடு சேர்த்து வைத்தார். தாமும் தொழிலாளர் வீடுகளில் தொங்கத்தக்க மலிவான படங்களை அச்சிட விரும்பி, அவ்வாண்டு நவம்பரில் ஒரு கல்லச்சுப் படம் செய்தார். நாற்காலியில் அமர்ந்த கிழவர் இரு கைகளிலும் முகத்தைப் புதைத்திருக்கிறார். முகம் சிறிதும் தோன்றவில்லை. வழுக்கைத் தலையும், முடிச்சேறிய விரல்களும், தேய்ந்த உடையுமே அவர் கதை முழுவதையும் சொல்லுகின்றன. மலிவுப் படத் திட்டம் நிறைவேறவில்லை. இன்று அக்கல்லச்சின் பிரதிகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

1890 மே மாதத்தில், பிரான்ஸ் தேசத்து ஸான் ரெமி மனநோய் விடுதியிலிருந்த வான் கோ, அதே கிழவரை நீல உடையில் வர்ணத்தால் தீட்டினார். அவ்வாண்டு ஜூலை 29-இல், முப்பத்தேழாம் வயதில், மரணமடைந்தார். முன்னாளில் அவர்முன் அமர்ந்த ஸைடர்லாந்து 1897 வரை உயிரோடிருந்தார்.