பத்திரக் குப்பையில் இருந்து ஒரு வரலாறு: யார் இந்த சார்லஸ் ஹெண்டர்சன்?

மூலப்பத்திரம் தொலைந்தால் நமக்கெல்லாம் தூக்கமே வராது. ஆனா, சுமார் 100 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்தில் பழைய பத்திரங்கள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போயின. அதில் ஆயிரக்கணக்கானவற்றைத் தேடிச் சேர்த்தவர்தான் சார்லஸ் ஹெண்டர்சன்.

யார் இவர்?

1900-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் வரலாற்றை எழுதுவதே இவரது வாழ்நாள் வேலை. ஆக்ஸ்போர்டில் படித்தார். எக்ஸிட்டரில் விரிவுரையாளராக இருந்தார். பிறகு ஆக்ஸ்போர்டின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குப் போனார்.

பத்திரங்கள் ஏன் குப்பைக்குப் போயின?

நிலத்தை விற்பவர் 30 வருஷ உரிமையைக் காட்டினாலே போதும் என்றது 1925-ம் ஆண்டு சொத்துச் சட்டம். அப்புறம் 300, 400 வருஷப் பழைய தோல் பத்திரங்கள் யாருக்கு வேணும்? நிலக்கிழார்களின் மாளிகைகளிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் அவை இடத்தை அடைக்கும் சுமையாகிவிட்டன. ஹெண்டர்சன் அங்கெல்லாம் நேரில் போய்ப் பார்த்தார், படித்தார், நகலெடுத்தார். கிடைத்ததை வாங்கி வந்தார்.

அதில் அப்படி என்ன இருக்கு?

குத்தகை வசூலிப்பதற்காகப் பெரிய குடும்பங்கள் எழுதி வைத்த கணக்குதான். ஆனால், எந்த வயலை யார் உழுதார், என்ன குத்தகை கொடுத்தார், எந்த ஓடையில் தகரம் எடுத்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கு. வேறெங்கும் பெயர் பதிவாகாத சாதாரண விவசாயிகள், ஜமீன் கணக்கில் மட்டும் உயிரோடு இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கார்ன்வாலின் சொந்த மொழியான கார்னிஷ், 18-ம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் பேச்சுவழக்கில் இருந்து மறைந்தது. 'ட்ரெ' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் அங்கே ஏராளம். கார்னிஷில் அதற்குப் பண்ணை, குடியிருப்பு என்று பொருள். பெயரின் மீதிப் பாதிக்கு அர்த்தம் தெரிய, அந்தக் காலத்தில் அதை எப்படி எழுதினார்கள் என்று பார்க்கணும். அதற்குப் பழைய பத்திரம்தான் துணை.

பிறகு என்ன ஆனது?

1933-ல் வரலாற்றறிஞர் இசபெல் மன்றோவைத் திருமணம் செய்தார். அதே ஆண்டு ரோம் நகரில் இறந்துபோனார். வயது வெறும் 33. கட்டுரைகளை மனைவியும் நண்பர் ஏ.எல்.ரௌஸும் தொகுக்க, 1935-ல் அவை புத்தகமாயின. பத்திரங்கள் ட்ரூரோ நகரில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் கார்ன்வாலுக்குப் போய்ச் சேர்ந்தன.

நினைத்த பெரிய வரலாற்றை அவரால் எழுதி முடிக்க முடியவில்லை. ஆனால், அவர் சேர்த்த பத்திரங்களை வைத்து மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.