ஐந்து வால்வு ரேடியோ... எழுபதே ரூபாய்!

திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் மயிலம் முருகன் கோவில் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஒருவர் மைக்கில் மெதுவாகப் பேசினாலும், அடிவாரம் முழுக்கக் கேட்கும். சின்ன ஒலியைப் பெரிய ஒலியாக மாற்றித் தருவது, மைக் செட்காரரின் ஆம்ப்ளிபையர் பெட்டி. இன்று அந்தப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர்களும், ஐ.சி. சில்லுகளும் இருக்கின்றன. உங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில், அதே வேலையைச் செய்தது, குண்டு பல்பு போல ஒளிரும் கண்ணாடி வால்வு!

அந்த வால்வுகளை வைத்து, ஏழைகளும் வாங்கக்கூடிய ரேடியோவைச் செய்ய முடியும் என்று சொன்னார் ஒரு தமிழர். அவர்தான் ஜி.டி.நாயுடு. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாமா?

கோவை அருகே உள்ள கலங்கல் என்ற கிராமத்தில், 1893ம் ஆண்டு மார்ச் 23ம் தேதி பிறந்தார் ஜி.டி.நாயுடு. முழுப்பெயர், கோபால்சாமி துரைசாமி நாயுடு. அப்பா விவசாயி. சிறு வயதிலேயே அம்மாவை இழந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சீக்கிரமே படிப்பு நின்றுபோனது.

ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனால், வண்டி ஓடுகிறது! இளைஞர் நாயுடுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார். கையில் காசு இல்லை. உடனே கோவைக்குப் போய், ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று வருடம் காசு சேர்த்தார். அதே போன்ற வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வாங்கியதும் ஊர் சுற்றினார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று பார்த்தார். பிறகு, பழையபடி மாட்டினார். அவருக்கு அந்த வண்டிதான் முதல் பாடப்புத்தகம்!

1920ல், ஒரே ஒரு பஸ்சை வைத்து, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். டிரைவரும் அவரே! அந்த ஒரு பஸ், பிற்காலத்தில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937ல், இந்தியாவிலேயே முதல் மின் மோட்டார் கோவையில் உருவானது. அதிலும் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவருக்குப் பங்கு உண்டு.

இப்போது ரேடியோ கதைக்கு வருவோம்.

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம், 1938ம் ஆண்டு ஜூன் 16ம் தேதி தொடங்கியது. அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. போர்ச் செய்தியை உடனுக்குடன் தெரிந்துகொள்ள, எல்லாருக்கும் ஆசை. ஆனால், ரேடியோ பெட்டிகள் பெரும்பாலும் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்தன. பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. அதை வைத்திருக்க லைசென்சும் எடுக்க வேண்டும். எனவே, ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுச் சாமானாகவே இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திண்டிவனம், சென்னையிலிருந்து சுமார் 120 கி.மீ. தூரம், விழுப்புரம், சுமார் 160 கி.மீ. நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள், வால்வே இல்லாத எளிய படிகப் பெட்டியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுவிடலாம். தள்ளிப்போகப் போக, அலை பலவீனமாகிவிடும். அதைப் பிடித்து, வீட்டில் எல்லாரும் கேட்கும்படி பெரிதாக்க வேண்டுமானால், வால்வுகள் கட்டாயம் தேவை.

வால்வு எப்படி வேலை செய்கிறது தெரியுமா?

காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு பாகம் சூடாகும். சூடானதும், அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே இருக்கும் உலோகத் தகடு, அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். இந்த இரண்டு பாகங்கள் கொண்ட வால்வை, 1904ல் செய்தவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஆம்புரோஸ் பிளெமிங். 1906ல், அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட், நடுவில் மூன்றாவதாக ஒரு பாகத்தைச் சேர்த்தார். பிற்கால வால்வுகளில், அது மெல்லிய கம்பி வலையாக இருந்தது.

வீடூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றினால், தண்ணீர் பாய்ந்து வரும். கொஞ்சம் இறக்கினால், குறையும். ஷட்டரை அசைக்கத் தேவைப்படும் பலம் கொஞ்சம்தான். பாயும் தண்ணீரின் பலமோ பெரிது. வால்வுக்குள் இருக்கும் அந்தக் கம்பி வலையும் ஒரு ஷட்டர்தான். பலவீனமான சமிக்ஞை வலைக்கு வரும். அது ஏறி இறங்குவது போலவே, பெரிய மின்சாரமும் ஏறி இறங்கும். சின்ன ஒலி, பெரிய ஒலியாகிவிடும்!

ஐந்து வால்வு ரேடியோவில், பொதுவாக வேலை இப்படிப் பிரிந்திருக்கும். முதல் வால்வு, நமக்கு வேண்டிய நிலையத்தின் அலையை, பெட்டிக்கு வசதியான வேறொரு அலைவரிசைக்கு மாற்றும். இரண்டாவது, அதைப் பெரிதாக்கும். மூன்றாவது, அலையிலிருந்து பாட்டையும் பேச்சையும் பிரித்தெடுக்கும். நான்காவது, ஸ்பீக்கரை அதிரவைக்கும் பலத்தைக் கொடுக்கும். ஐந்தாவது, வீட்டு மின்சாரத்தை மற்ற நான்குக்கும் ஏற்றபடி மாற்றித் தரும். ஐவரும் ஒற்றுமையாக வேலை செய்தால்தான் பாட்டு கேட்கும்!

இப்படிப்பட்ட ஐந்து வால்வு ரேடியோவை, வெறும் 70 ரூபாய்க்கு நம் நாட்டிலேயே செய்ய முடியும் என்று, 1941ல் அறிவித்தார் நாயுடு. சாதாரண மனிதரும் உலகச் செய்தியைக் கேட்க வேண்டும். அதற்கான பெட்டி நம் ஊரிலேயே பிறக்க வேண்டும் என்ற எண்ணம், எவ்வளவு பெரியது பாருங்கள்!

அவருடைய மற்ற கண்டுபிடிப்புகளிலும் இதே எண்ணத்தைப் பார்க்கலாம். சிறிய மோட்டாரில் இயங்கும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பலவற்றைச் செய்தார். 1952ல், இரண்டு பேர் போகும் காரை, 2,000 ரூபாய் விலையில் தயாரித்தார். ஆனால், அரசு லைசென்ஸ் தரவில்லை, தயாரிப்பு நின்றுபோனது. மூளையும் உழைப்பும் இருந்தும், மலிவான ஒரு பொருள் மக்கள் கைக்குப் போய்ச் சேராமல் போனால், மனம் எவ்வளவு வலிக்கும்! ஆனாலும், அவர் சோர்ந்து உட்காரவில்லை. விவசாயத்திலும் புதுப்புது ஆராய்ச்சிகளைச் செய்தார்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் என்பதால், படிப்பு வேண்டாம் என்று சொன்னவர் என நினைத்துவிடாதீர்கள். 1945ல், கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தொடங்கக் காரணமாக இருந்ததும், அங்கே முதல்வராகப் பணியாற்றியதும் அவரே. கையால் செய்து பழகினால், நான்கு வருடப் படிப்பை இரண்டு வருடத்திலேயே கற்றுத் தரலாம் என்பது அவரது கருத்து. ஆங்கிலேய அரசு அதை ஏற்கவில்லை. எனவே, பதவியிலிருந்து விலகினார்.

1974ம் ஆண்டு ஜனவரி 4ம் தேதி, தம் 80வது வயதில் மறைந்தார் ஜி.டி.நாயுடு. கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே சாலையில், 2025ல் திறக்கப்பட்ட நீளமான மேம்பாலத்துக்கும் அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கின்றனர்.

வால்வின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை, குட்டீஸ்! பாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களில், இன்றும் சிலர் வால்வை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். பேஸ் கிடாரின் தடித்த கம்பி, காந்தத்தின் அருகே அதிரும்போது, மிகச் சின்ன மின்சமிக்ஞை பிறக்கும். அதை நீண்ட ஒயரில் அப்படியே அனுப்பினால், ஒலியின் கூர்மை மங்கிவிடும். எனவே, நடுவில் டைரக்ட் பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியை வைப்பார்கள். சிலர் அதை வால்வு போட்டுத் தாங்களே செய்துகொள்கின்றனர். கிடாரிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை, சிதைக்காமல் வாங்கி, தூரத்தில் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்குத் தெம்போடு அனுப்புவதே அதன் வேலை. ஷட்டர் பழசு, வயல்தான் புதுசு!

ஆனால், ஒரு எச்சரிக்கை. வால்வு பெட்டிக்குள் 200 வோல்ட்டுக்கும் அதிகமான மின்சாரம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே, பழைய ரேடியோ கிடைத்தால், நீங்களாகத் திறக்கவே கூடாது. ரேடியோ மெக்கானிக் மாமாவிடம் கொடுத்து, அவர் திறந்து காட்டும்போது தள்ளி நின்று பாருங்கள்.

மற்றபடி, பாட்டரியில் ஓடும் உடைந்த பொம்மை, ஓடாத சைக்கிள் டைனமோ ஆகியவற்றை, வீட்டில் அனுமதி கேட்டுப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பாகம் எங்கே இருந்தது என்று நோட்டில் படம் வரைந்து வையுங்கள், திரும்ப மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்தால், மறுபடியும் பிரியுங்கள்! கலங்கல் கிராமத்து இளைஞரும், இப்படித்தானே தொடங்கினார்?