தியாகபூமியின் இயக்குநர்

1931-இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது, திரையை ஆண்டவை புராணக் கதைகள். நாடக மேடையில் வெற்றி பெற்றவையே படங்களாயின. கைம்பெண்களும், கணவனால் கைவிடப்பட்டவர்களும், ஒதுக்கப்பட்ட சாதியினரும் கதையின் மையத்துக்கு வர வழியில்லை. அந்த வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் கே. சுப்ரமணியம்.

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் 1904-இல் பிறந்த அவர், சட்டம் பயின்று வழக்குரைஞரானார். ராஜா சாண்டோவின் மௌனப் படங்களுக்குத் திரைக்கதை எழுதித் திரைத்தொழிலைக் கற்றார். அவர் இயக்கிய முதல் படமான பவளக்கொடியும் (1934) புராணக் கதையே. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அதில்தான் அறிமுகமாயினர்.

1937-இல் வெளியான பாலயோகினியில் அவர் பாதையை மாற்றினார். ஆதரவற்ற கைம்பெண்ணுக்குச் சுற்றத்தார் கதவடைக்க, தாழ்த்தப்பட்டவராகக் கருதப்பட்ட வேலைக்காரரின் வீடு அடைக்கலம் தருகிறது. வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தம் சமூகத்தையே கேள்வி கேட்டதால் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டே பிரேம்சந்தின் நாவலைச் சேவாசதனமாக்கி, முதியவருக்கு மணமுடிக்கப்பட்ட இளம்பெண்ணின் துயரைக் காட்டினார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம் அது.

அவரது உச்சம் தியாகபூமி (1939). கல்கியின் தொடர்கதை ஆனந்த விகடனில் படக்காட்சிகளுடனே வெளிவந்தது. கைவிட்டுச் சென்ற கணவன், மனைவி செல்வந்தரானதும் சேர்ந்து வாழுமாறு வழக்குத் தொடுக்கிறான். நாயகி சாவித்திரி மறுக்கிறாள். வேண்டுமானால் தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறுகிறாள். இந்துப் பெண்ணுக்கு விவாகரத்துச் சட்டம் இல்லாத காலம் அது. கதர், காந்தியம், தீண்டாமை எதிர்ப்பு ஆகியவற்றையும் பேசிய அப்படத்தை 1940-இல் ஆங்கிலேய அரசு தடை செய்தது.

அவரிடம் முரண்களும் உண்டு. தடை விதித்த அதே அரசின் போர் முயற்சிக்கு ஆதரவாக 1945-இல் மானசம்ரட்சணம் எடுத்தார். சாவித்திரியின் சுதந்திரத்தையும் தேசத் தொண்டில் கொண்டுபோய்க் கரைத்தார். கணவன் மனம் திருந்தி அதே போராட்டத்தில் இணைகிறான். தனி மனுஷியின் உரிமை தன்னளவிலேயே போதுமான முடிவாக அன்றைய திரைக்குத் தோன்றவில்லை. ஆயினும் அந்த உரிமையைக் கேள்வியாக எழுப்பிய துணிவு அவருடையது. 1971-இல் அவர் மறைந்தார்.

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரும் உரிமை, 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் இடம்பெற்றது. பிள்ளைப்பாக்கத்தையும் ஒரகடத்தையும் உள்ளடக்கிய தொழில் வட்டாரத்தில், வெளிமாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சொந்த ஊதியத்தில் வாழ்கின்றனர். சாவித்திரிக்குச் செல்வம் கதையின் திருப்பமாக வந்தது. இவர்களுக்கோ அது மாதந்தோறும் உழைத்துப் பெறும் கூலி. விடுதி அறையும், இரவுப்பணிப் பேருந்தும், வீட்டுக்கு அனுப்பும் பணமும், தள்ளிப்போடப்படும் திருமணமும் நிறைந்த இவர்கள் வாழ்க்கை, திரையில் நாயகனின் பின்னணியாகவே பெரும்பாலும் வந்துபோகிறது. சுப்ரமணியத்துக்கு நினைவு விழா எடுப்பதைவிட, இவர்களை மையமாக வைத்து ஒரு படம் எடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.