அருணகிரியார் ஏறிய கோபுரம் எது?



நண்பர்களே, அருணகிரிநாதர் கோபுரத்திலிருந்து குதிக்கிற படம் ஒன்று நம்ம குரூப்களில் அடிக்கடி வரும். பின்னால் திருவண்ணாமலை ராஜகோபுரம், பதினோரு நிலையும் பளிச்சென்று தெரியும். அந்தரத்தில் அவர், கீழே கை நீட்டியபடி முருகன். பார்க்க அழகான படம்தான். ஆனால் 217 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தை எழுப்பத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். அவர் விஜயநகரப் பட்டத்துக்கு வந்ததே 1509-ல்தான். அருணகிரியார் அதற்கு முந்தைய நூற்றாண்டுக்காரர். அவர் காலத்தில் அந்த இடத்தில் ராஜகோபுரமே இல்லை.

கதையை விட்டுவிட வேண்டாம். கோபுரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

அவர் காலம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். திருப்புகழ்ப் பாட்டு ஒன்றில் பிரபுடதேவ மகாராயர் என்ற ராஜாவை அவரே பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். அது விஜயநகரத்து இரண்டாம் தேவராயர், 1422 முதல் 1446 வரை ஆண்டவர் என்பது பெரும்பாலான அறிஞர்கள் முடிவு. இவ்வளவு பெரிய மகானின் வாழ்க்கையில் நமக்குக் கிடைத்திருக்கும் உறுதியான காலக்குறிப்பு இந்த ஒரு பெயர்தான். மற்றதெல்லாம் செவிவழி வந்த கதை. செவிவழி என்பதால் அதை மட்டமாக நினைக்கவில்லை. எது கதை, எது சான்று என்று தெரிந்துகொண்டு கும்பிடலாம் என்கிறேன்.

பிறந்தது திருவண்ணாமலை, அம்மா பெயர் முத்தம்மை என்பது மரபு. நான் ஆரணிக்காரன். எங்க ஊர்ப் பக்கம் வேறொன்று சொல்வார்கள். ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிற முள்ளண்டிரம்தான் அவர் பிறந்த ஊர் என்று. கேட்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முள்ளண்டிரத்தில் டிண்டிம கவிகள் என்று சமஸ்கிருதப் புலவர் குடும்பம் ஒன்று இருந்தது. டிண்டிமம் என்றால் ஒருவகைப் பறை. அவர்களில் ஒருவர் பெயரும் அருணகிரிநாதர். அவரும் அதே இரண்டாம் தேவராயர் அவையில் இருந்தவர். ஒரே பெயர், ஒரே ராஜா! இரண்டு பேரையும் ஒருவராகவே எழுதிய அறிஞர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு பேரும் வேறு வேறுதான். அவர் எழுதியது சமஸ்கிருதத்தில் அவை நாடகம். நம்மவர் ஊர் ஊராக நடந்து தமிழில் சந்தம் பாடியவர். ஊர்ப்பெருமைக்காக இரண்டு பேரையும் ஒட்டவைக்க எனக்கு மனசு வரவில்லை.

இளமைக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். 1964-ல் டி.எம்.சௌந்தரராஜன் நடித்து வந்த படம் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. பெண்ணாசையில் சொத்தெல்லாம் போகிறது. அக்கா தன் நகைகளைக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோகிறாள். கடைசியில் அவள் சொன்ன ஒரு சொல் சுட்டுவிட, வெட்கம் தாங்காமல் கோபுரம் ஏறுகிறார். பாட்டுகளில் அவர் தன்னைத் தானே திட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் இந்தக் கதை வளர்ந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். நம் எல்லார் சார்பிலும் நான், நான் என்று அவர் பாடியிருக்கலாம். எப்படியானாலும், விழுந்து கிடக்கிற ஒருத்தனுக்கு அந்தப் பாட்டைப் படித்தால் இவர் நம்ம ஆள் என்று தோன்றிவிடும்.

சரி, எந்தக் கோபுரம்? கோயிலுக்குப் போயே பார்த்துவிடலாம். ராஜகோபுரம் வழியாக உள்ளே போனதும் வலது பக்கம் ஆயிரங்கால் மண்டபம். அதுவும் கிருஷ்ணதேவராயர் காலம். இடது பக்கம் கம்பத்து இளையனார் சந்நிதி. அதைத் தாண்டி சிவகங்கைத் தீர்த்தம். அப்புறம் எதிரே நிற்கிறதே, அதுதான் வல்லாள கோபுரம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் எழுப்பியது. திருவண்ணாமலையையே தலைநகராக வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஆண்டவர், 14ம் நூற்றாண்டு. அருணகிரியார் காலத்தில் கிழக்கே இருந்த பெரிய வாசல் இதுதான். இன்னும் ஒன்று கவனியுங்கள். அவரை முருகன் தாங்கிய இடம் என்று சொல்லப்படுகிற கோபுரத்து இளையனார் சந்நிதி இருப்பது இந்த வல்லாள கோபுரத்தை ஒட்டித்தான், ராஜகோபுரத்தடியில் கிடையாது. இடம் எது என்பதைக் கோயில் மறக்கவே இல்லை. மறந்தது நம்ம எடிட்டிங் ஆப்தான்.

அடுத்து கிளி கோபுரம், சோழர் காலத்தது. ஆக நாம் வெளியிலிருந்து உள்ளே நடக்க நடக்க காலம் பின்னால் போகிறது: விஜயநகரம், ஹொய்சளம், சோழம். சாஃப்ட்வேர்க்காரனாகச் சொல்வதென்றால், பழைய கோடை யாரும் அழிக்கவில்லை. ஒவ்வொருத்தரும் வெளியே ஒரு அடுக்கு சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். சோழர் காலத்தில், தஞ்சை மாதிரி இடங்களில், கருவறை மேல் விமானம்தான் ஓங்கி நிற்கும், வாசல் அடக்கமாக இருக்கும். பின்னால் வந்தவர்கள் கருவறையைத் தொடாமல் வாசலை உயர்த்தினார்கள். அதனால்தான் கோபுரங்கள் வெளியே போகப் போகப் பெரிதாகின்றன. அடியில் கருங்கல், மேல் நிலைகளில் செங்கல், சுதை. பாரம் மேலே போகப் போகக் குறையும், கட்டிடம் உள்நோக்கிச் சரிந்துகொண்டே ஏறும். இத்தனை நூற்றாண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்ப நம்மவரிடம் வருவோம். தாங்கிய முருகன், சும்மா இருக்கச் சொல்லி உபதேசம் செய்தான், பாட முதல் அடியும் எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. பிறகு வயலூரில்தான் திருப்புகழ் பாடும்படி உத்தரவு ஆனதாம். அதற்கப்புறம் மனுஷன் நிற்கவே இல்லை. திருத்தணி, வள்ளிமலை, சிதம்பரம், சுவாமிமலை, பழநி, திருச்செந்தூர், கடல் தாண்டி கதிர்காமம், திருகோணமலை வரைக்கும் பாட்டு இருக்கிறது. மொத்தம் 16,000 பாடினார் என்பார்கள். இன்று கையில் இருப்பது 1,300 சொச்சம். பாடப்பட்ட ஊர்கள் 200-க்கு மேல். பெரிய கோயில், சின்னக் கோயில் என்று அவர் பார்த்ததில்லை. சிவன் கோயிலில் சுற்றுப் பிரகாரத்து மூலையில் நிற்கிற முருகனுக்கும் தனிப்பாட்டு உண்டு.

அவர் சந்தம் பற்றி ஒரு வார்த்தை. எங்க தாத்தா குழித்தறியில் பட்டு நெய்தவர். தறியில் முதலில் பாவு இழுத்துக் கட்டுவார்கள், அப்புறம்தான் நாடா ஓடும், ஊடை விழும். திருப்புகழில் சந்தம்தான் பாவு. அது அசையாமல் நிற்கும், சொல் அதற்குள் ஓடி ஓடி விழும். அர்த்தம் புரியாத சின்னப் பிள்ளைக்கும் திருப்புகழ் மனப்பாடம் ஆவது இதனால்தான்.

ராஜாவின் அவையில் சம்பந்தாண்டான் என்ற தேவி உபாசகர் சவால் விட்ட கதையில், ராஜாவுக்கும் தெரியும்படி முருகன் ஒரு தூணில் காட்சி தருகிறான். அதனால் கம்பத்து இளையனார். அப்போது பாடியதாகச் சொல்லப்படும் பாட்டில்தான் நான் முதலில் சொன்ன அந்த ராஜாவின் பெயர் வருகிறது. கதையும் சான்றும் ஒரே பாட்டில் கை கோத்துக்கொள்வது எனக்குப் பிடித்த விஷயம்.

வில்லிபுத்தூராருடன் நடந்த வாதும் அப்படித்தான், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது. தோற்றவர் காதை அறுக்கும் வழக்கம் வில்லிக்கு. கந்தரந்தாதியில் தகர வரிசையை மட்டும் வைத்துக் கட்டிய 54வது பாட்டுக்கு அவரால் பொருள் சொல்ல முடியவில்லை. அருணகிரியார் பொருள் சொன்னார், காதைத் தொடவில்லை, அந்த வழக்கத்தை விடச் சொன்னார். ஜெயித்த பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதை கமெண்ட் பாக்ஸில் சண்டை போடுகிற நாமெல்லாம் இவரிடம் கற்க வேண்டும்.

முடிவும் கோபுரத்தில்தான். பாரிஜாத மலர் கொண்டுவர உடலை விட்டு ஒரு கிளியின் உடலில் புகுந்து போகிறார். திரும்பி வருவதற்குள் சம்பந்தாண்டான் அவர் உடலை எரித்துவிடுகிறான். கிளியாகவே இருந்து கந்தர் அனுபூதி பாடினார் என்பது நம்பிக்கை. கிளி கோபுரத்துக்குப் பெயர் வந்த கதை இது.

அப்புறம் பாட்டுகள் ஓலையில் சிதறிக் கிடந்தன. 1871-ல் சிதம்பரம் தீட்சிதர்கள் வழக்கு ஒன்றில் திருப்புகழைச் சான்றாகக் காட்டியதைக் கேட்டு அசந்துபோன வ.த.சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராக அலைந்து தேடித் தொகுத்து, 1894-ல் முதல் பாகமும் 1901-ல் இரண்டாம் பாகமும் அச்சிட்டார். அவர் மகன்தான் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை. இந்த இரண்டு பேர் இல்லையென்றால் நம்ம ப்ளேலிஸ்ட் காலி.

பாட்டு கிடைத்தாலும் சில ஊர்கள் எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சோமநாதன் மடம் என்று ஒரு பாட்டில் வரும். அண்ணாமலையாரைத் தவறாமல் பூஜித்த சோமநாதன் என்பவரின் மடம். அது முள்ளண்டிரத்துக்கு அருகில் உள்ள புத்தூர் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது, அங்கே கல்வெட்டில் சோமநாத ஜீயர் என்ற பெயர் இருப்பதை வைத்துத்தான். கல்லில் ஒரு பெயர் இருந்ததால் ஒரு திருப்புகழுக்கு ஊர் கிடைத்தது, அதுவும் எங்க ஆரணிப் பக்கத்திலேயே. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தால், சுவரில் எழுத்து இருக்கும் இடத்தில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறார்களா, மேலே எனாமல் பெயின்ட் அடிக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, திருப்பணிக் குழுப் பெரியவர்களிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். போட்டோவை இந்தக் குரூப்பிலும் போடுங்கள், படிக்கத் தெரிந்த அண்ணன் ஒருத்தர் இருக்கிறார்.

வேலும் மயிலும் துணை.