ஜோசையா மார்ஷல் ஹீத்

ஜோசையா மார்ஷல் ஹீத் (இறப்பு: 1851) என்பவர் ஆங்கிலேய உலோகவியலாளர், தொழில் முனைவோர், பறவை ஆர்வலர் ஆவார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்தபோது சேலம் பகுதியில் நடைபெற்ற இரும்பு, எஃகு உருக்கும் தொழிலை நேரில் கண்டு ஆராய்ந்தார். பின்னர் பரங்கிப்பேட்டையில் இந்தியாவின் தொடக்ககால நவீன இரும்பாலைகளுள் ஒன்றை நிறுவினார். வார்ப்பு எஃகு செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்று பழைய வாள் சேகரிப்போர் பெரிதும் நாடும் நீரோட்ட வரியுடைய வாள்களின் மூலப்பொருளான ஊட்சு எஃகு சேலம் வட்டாரத்தில் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிய உதவும் முதன்மையான பதிவுகளுள் ஒன்று இவருடையது.

சேலம், நாமக்கல் பகுதியின் இரும்பு

ஹீத் பணிபுரிந்த காலத்துச் சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 ஆம் ஆண்டு தனியே பிரிக்கப்படும்வரை அதன் பகுதியாகவே இருந்தது. இச்சமவெளியைச் சூழ்ந்த மலைகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது மிகுதியாக உள்ளது. 1864 ஆம் ஆண்டு வெளிவந்த நிலவியல் ஆய்வில் கிங், ஃபூட் ஆகியோர் கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, சிங்கிப்பட்டி, தலைமலை-கொல்லிமலை என இத்தாதுப் படிவுகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்துக் காட்டினர்.

இப்பகுதியில் இரும்புத் தொழில் மிகப் பழமையானது. அண்டை மாவட்டமான ஈரோட்டில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் சங்க காலத்தைச் சேர்ந்த உருக்கு உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் ஊட்சு என அழைத்த சொல், எஃகைக் குறிக்கும் கன்னடச் சொல்லான உக்கு என்பதன் திரிபாகக் கருதப்படுகிறது. தமிழில் வழங்கும் உருக்கு என்பதும் அதனோடு தொடர்புடைய சொல்லாகும்.

ஹீத் கண்ட எஃகு செய்முறை

சேலம் பகுதிக் கொல்லர்களின் செய்முறையை ஹீத் தம் கட்டுரையில் விரிவாக விளக்கியுள்ளார். முதலில் தாதுவைப் பொடித்து, நீரில் அலசி மணலை நீக்குவர். பின்னர் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான மண் உலையில் மரக்கரியுடன் இட்டு, ஆட்டுத்தோல் துருத்திகளால் மூன்று நான்கு மணி நேரம் ஊதுவர். இதிலிருந்து கிடைக்கும் இரும்பைச் சம்மட்டியால் அடித்துக் கம்பியாக்குவர்.

எஃகு செய்வதற்கு இந்த இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, உமி கலந்த களிமண்ணால் செய்த மூசையில் இடுவர். ஒரு மூசைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ இரும்பு கொள்ளும். அதனுடன் இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங் குச்சிகளை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலையை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இவ்வாறு ஆயத்தமான 20 முதல் 24 மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறிய பின் மூசையை உடைத்தால் அடியில் எஃகுக் கட்டி கிடைக்கும். அதனை உருகும் சூட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டில் மீண்டும் காய்ச்சி, மிகுதியான கரிமத்தை நீக்கிய பின்னரே சம்மட்டிக்குக் கொண்டு வருவர்.

இரும்பைக் கரிமப் பொருளுடன் மூடிய கலத்தில் வைத்து உருக்கும் இந்த உத்தி ஐரோப்பிய அறிவியலாளர்களுக்குப் பெரும் வியப்பை அளித்தது. ஊட்சு எஃகு பற்றிய பியர்சனின் ஆய்வுக் கட்டுரை 1795 ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தது. கத்தி செய்யும் தொழிலரான ஸ்டோடார்ட், இளம் மைக்கேல் பாரடேயுடன் இணைந்து 1810களின் இறுதி முதல் 1822 வரை இதனை ஒத்த எஃகைச் செய்ய முயன்றார். அவர்கள் இலண்டனில் ஆய்ந்த பொருளை, அது உருவாகும் இடத்திலேயே ஹீத் பார்த்தார்.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

சேலத்தின் தாதுவும் தென்னிந்தியக் காடுகளின் கரியும் இருக்க, ஐரோப்பிய ஊதுலைகளைக் கொண்டு பெருமளவில் இரும்பு செய்யலாம் என ஹீத் கருதினார். 1825 ஆம் ஆண்டளவில் கம்பெனிப் பணியை விட்டு விலகி, இங்கிலாந்து சென்று இரும்புத் தொழிலைக் கற்றார். கம்பெனி அரசு அவருக்குத் தனி உரிமையும் கடனுதவியும் அளித்தது. 1830 ஆம் ஆண்டு கடலூருக்குத் தெற்கே கடற்கரைத் துறைமுகமான பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கப்பட்டது. மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை அமைக்கப்பட்டது.

ஆலையின் இரும்பு தரமானது. கட்டிகளாக வார்க்கப்பட்ட இரும்பு கப்பலேற்றப்பட்டு, எஃகு செய்வதற்காக ஷெஃபீல்டு நகருக்கு அனுப்பப்பட்டது. ஆயினும் தொழில் வருவாய் தரவில்லை. தாது சேலம் பகுதியிலிருந்து நெடுந்தொலைவு வரவேண்டியிருந்தது. ஊதுலைகளுக்கு மரக்கரியே எரிபொருள் என்பதால் அண்மைக் காடுகள் விரைவில் தீர்ந்தன. கரியை மேன்மேலும் தொலைவிலிருந்து கொணர வேண்டியதாயிற்று. ஓர் உள்ளூர்க் கொல்லனின் உலைக்கு ஒரு சுமை கரி போதும். அவன் தாதுவும் விறகும் உள்ள இடத்திலேயே உலை மூட்டினான். பேராலைக்கோ இரண்டும் துறைமுகத்தைத் தேடி வரவேண்டியிருந்தது.

ஹீத் தம் செல்வத்தை இம்முயற்சியில் இழந்தார். ஆலையை 1853 ஆம் ஆண்டு கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய நிறுவனம் ஏற்றது. அந்நிறுவனம் சேலம் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் உலை அமைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை ஆலையின் பணி முற்றிலும் நின்றது.

மாங்கனீசுக் காப்புரிமை

1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகுத் தொழிலின் நடுவமான ஷெஃபீல்டில் ஆய்வைத் தொடர்ந்தார். அங்கு நல்ல வார்ப்பு எஃகு செய்ய விலை மிக்க சுவீடன் இரும்பே தேவைப்பட்டது. மலிவான இரும்பிலிருந்து செய்த எஃகு சூட்டில் அடிக்கும்போது பிளந்தது. மூசையில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு வரை மாங்கனீசு-கரிமச் சேர்மத்தைச் சேர்த்தால் எஃகு உறுதியாகவும், பற்றவைக்கத் தக்கதாகவும் அமைவதை ஹீத் கண்டறிந்தார். 1839 ஆம் ஆண்டு ஏப்ரலில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மாங்கனீசு எஃகிலுள்ள உயிர்வளியையும் கந்தகத்தின் தீங்கையும் நீக்குகிறது என்பது இன்றைய விளக்கமாகும். ஷெஃபீல்டில் வார்ப்பு எஃகின் விலை இதனால் பெரிதும் குறைந்தது.

சேர்மத்தைத் தனியே செய்வது செலவு மிக்கதாக இருந்ததால், மாங்கனீசு ஆக்சைடையும் நிலக்கரித் தாரையும் நேரே மூசையில் இட்டாலே போதும் எனவும் ஹீத் கண்டார். இந்த எளிய முறையைத் தம் முகவரான அன்வின் வழியாக உற்பத்தியாளர்களுக்குத் தெரிவித்தார். காப்புரிமை ஆவணத்தில் அது சொல்லப்பட்டிருக்கவில்லை. பின்னர் அன்வின் ஹீத்தை விட்டுப் பிரிந்து, தாம் பயன்படுத்துவது காப்புரிமையில் கூறப்பட்ட பொருள் அன்று என வாதிட்டார். மூசைக்குள் அதே சேர்மமே உருவாகிறது என்பது ஹீத் தரப்பின் வாதமாகும்.

வழக்கு பத்து ஆண்டுகளுக்கு மேல் பல நீதிமன்றங்களில் நடந்தது. அது முடியும் முன்பே 1851 ஆம் ஆண்டு ஹீத் வறுமையில் இறந்தார். 1855 ஆம் ஆண்டு பிரபுக்கள் அவை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1864 ஆம் ஆண்டு வெளிவந்த தம் உலோகவியல் நூலில் ஜான் பெர்சி, ஹீத்துக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதியை விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

எழுத்தும் இயற்கை ஆய்வும்

இந்திய இரும்பு, எஃகு பற்றிய ஹீத்தின் கட்டுரை 1830களின் இறுதியில் அரச ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. எகிப்தியர் கல்தூண்களில் எழுத்துப் பொறித்த கருவிகள் இந்திய எஃகால் ஆனவை என அதில் அவர் ஊகித்தார். பிற்கால ஆய்வுகள் இதனை ஏற்கவில்லை. எகிப்தியர் அப்பணிக்குக் கடுங்கற்களையும், செம்புக் கருவியுடன் மணலையும் பயன்படுத்தினர் என அறியப்படுகிறது. எனினும் கட்டுரையின் செய்முறைப் பகுதி இன்றும் மதிப்புக் குறையாமல் உள்ளது.

சென்னை மாகாணத்தில் அவர் திரட்டிய பறவை, விலங்கு மாதிரிகள் இலண்டனுக்குச் சென்றன. பெரிய ஆசிய மஞ்சள் வௌவாலுக்கு 1831 ஆம் ஆண்டு ஹார்ஸ்ஃபீல்டு இட்ட இனப்பெயர் ஹீத்தின் நினைவாக அமைந்ததாகும்.

பழைய வாள் வணிகமும் ஊட்சு எஃகும்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்பட்ட எஃகுக் கட்டிகள் பல நூற்றாண்டுகளாக மேற்காசியாவுக்கு ஏற்றுமதியாயின. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் அவற்றிலிருந்து அடிக்கப்பட்ட வாள்கள் தமாஸ்கசு வாள்கள் எனப் பெயர் பெற்றன. கட்டி செய்த ஊரின் பெயர் வாளில் இல்லை. சில வாள்களில் அடித்த கொல்லரின் பெயர் உண்டு. எஃகை உருக்கியவரின் பெயர் எதிலும் இல்லை.

இவ்வாள்களின் மேற்பரப்பில் ஓடும் நீர் போன்ற வரிகள் காணப்படும். வெர்ஹோவன், பென்ட்ரே ஆகியோர் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தாதுவிலிருந்து வரும் வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச் சிறிய அளவே இவ்வரிகளுக்குக் காரணம் என விளக்கினர். மிகைச் சூடின்றிப் பலமுறை அடிக்கும்போது கார்பைடுத் துகள்கள் வரிசையாக அமைந்து வரிகளாகத் தோன்றுகின்றன. ஜப்பானிய வாளின் வரிகள் வேறு வகையின. இரும்பு மணலிலிருந்து பெற்ற எஃகை மடித்து மடித்து அடிப்பதால் அவற்றின் உடல் வரிகளும், களிமண் பூசி நீரில் தோய்ப்பதால் விளிம்புக் கோலமும் உண்டாகின்றன.

பழைய வாள் வாங்குவோர் முதலில் நோக்குவது இவ்வரிகளையே. வரிகள் எஃகின் உள்ளமைப்பாக இருந்தால், தேய்த்து மெருகிட்டு மறைந்த பின்பும் மென்மையான அமிலத்தால் மீண்டும் தோன்றும். மேற்பரப்பில் மட்டும் அமிலத்தால் வரைந்த போலிக் கோலம் தேய்த்தால் மறைந்துவிடும். இருவகை இரும்புகளை முறுக்கி இணைத்துச் செய்த வாளும் ஊட்சு வாளாக விற்கப்படுவதுண்டு. அலகும் கைப்பிடியும் வெவ்வேறு காலத்தனவாக இருத்தலும் இயல்பே.

விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது வாளின் வரலாறாகும். திப்பு சுல்தானின் படுக்கையறையில் கிடைத்த வாள் 2023 ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. இதற்கு மாறாக, தஞ்சை அரண்மனை ஆயுதசாலை 1860களில் கலைக்கப்பட்டபோது தேர்ந்தெடுத்த சில படைக்கலங்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர, எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேலத்தில் வேட்டைக் கத்திகளும் ஈட்டிகளும் செய்து ஆங்கிலேயரிடையே புகழ்பெற்ற அருணாசலம் என்னும் கொல்லர், பெயர் நிலைத்த மிகச் சிலருள் ஒருவர். அவர் தம் பெயரையும் ஊரையும் அலகில் பொறித்தார். அப்பொறிப்புள்ள கத்திகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

இந்தியாவில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாள்கள் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின் கீழ் வரும். அவற்றை உரிமம் பெற்றோரே வணிகம் செய்யலாம். தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் குற்றமாகும்.

பிற்காலம்

மலிவான ஆங்கிலேய எஃகின் இறக்குமதியாலும், காடுகள் மீதான கட்டுப்பாடுகளாலும் சேலம் பகுதியின் மூசை எஃகுத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலிந்து மறைந்தது. அந்த எஃகை மலிவாக்கிய கண்டுபிடிப்புகளுள் ஹீத்தின் மாங்கனீசு முறையும் ஒன்றாகும். கஞ்சமலை அடிவாரத்தில் அமைந்த அரசுத் துறையின் சேலம் உருக்காலை 1981 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. துருப்பிடிக்காத எஃகு செய்யும் அவ்வாலைக்குரிய மூலப்பொருள் வெளியிலிருந்தே வருகிறது. மூசை எஃகுத் தொழில் மறைந்தபின், அதனை அறிய ஹீத்தின் கட்டுரையும், உலைக் கழிவும் மூசைத் துண்டுகளும் கிடைக்கும் பழைய உலைக் களங்களும், காட்சிக்கூடங்களிலும் சேகரிப்போரிடமும் எஞ்சிய வாள்களுமே சான்றுகளாக உள்ளன.