கூடி இசைத்த கலைஞர்

ஐரோப்பாவின் இசை நகரம் எனப் போற்றப்படுவது வியன்னா. அந்நகரின் புறப்பகுதியில் 1797 ஆம் ஆண்டு சனவரி 31 ஆம் நாள் பிரான்ஸ் ஷூபர்ட் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். ஓய்வு நேரங்களில் அவ்வீட்டில் இசை ஒலிக்கும். தமையன்மாருள் இருவர் வயலின் வாசிப்பர். தந்தை செல்லோ வாசிப்பார். ஷூபர்ட் வியோலா வாசிப்பார். தந்தை தவறாக வாசித்தால் மகன் பணிவுடன் அதனை உணர்த்துவார்.

இவ்வாறு சிலர் மட்டும் கூடி, ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியைத் தனித்து வாசிக்கும் இசை, அறையிசை எனப்படும். முன்நின்று நடத்துபவர் இதில் இல்லை. ஒருவர் வாசிப்பதை மற்றவர் செவிமடுத்தால்தான் இசை இணையும். அப்பண்பை ஷூபர்ட் இளமையிலேயே கற்றார்.

அவர் தந்தையின் பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆயினும் உள்ளம் இசையையே நாடியது. பணியைத் துறந்தார். நிலையான வருவாய் இல்லை. நண்பர்கள் தம் இல்லங்களில் இடமளித்து ஆதரித்தனர்.

1819 ஆம் ஆண்டுக் கோடையில் ஷூபர்ட் ஸ்டெயர் நகருக்குச் சென்றார். அங்குச் செல்லோ வாசிப்பதில் ஆர்வம் மிக்க பௌம்கார்ட்னர் என்பவரின் விருப்பத்திற்கிணங்கப் புதிய படைப்பொன்றை இயற்றினார். பியானோ, வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய ஐந்து கருவிகள் இசைக்கும் அப்படைப்பே டிரவுட் ஐவரிசை. டிரவுட் என்பது நன்னீர் மீன். அம்மீனைப் பற்றித் தாம் முன்னரே இசையமைத்த பாடலின் மெட்டை இதன் நான்காம் பகுதியில் அமைத்தார். முதலில் தந்திக் கருவிகள் மட்டும் அம்மெட்டை இசைக்கும். பின்னர்ப் பியானோ ஏற்கும். அடுத்தடுத்து மெட்டு கைம்மாறிப் புதுப்புது வடிவம் பெறும்.

1828 ஆம் ஆண்டு மார்ச்சு 26 ஆம் நாள், தம் படைப்புகள் மட்டுமே இடம்பெற்ற பொது நிகழ்ச்சியை ஷூபர்ட் வியன்னாவில் நடத்தினார். பியானோ, வயலின், செல்லோவுக்கான மூவரிசையும் அதில் ஒலித்தது. கேட்டோர் மகிழ்ந்தனர். ஆனால் நகரின் கவனமோ வயலின் மேதை பகானினியின் வருகையில் இருந்தது. உள்ளூர்ச் செய்தித்தாள்கள் ஷூபர்ட்டைப் பெரிதாகப் பேசவில்லை. அத்தகைய நிகழ்ச்சி அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 19 ஆம் நாள் தம் 31 ஆம் வயதில் மறைந்தார்.

டிரவுட் ஐவரிசை 1829 ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அச்சில் அதனைக் காண அவர் இல்லை. ஆயினும் நண்பர்கள் கூடி வாசிப்பதற்காகப் பிறந்த அவ்விசை, இன்று உலகெங்கும் வீடுகளிலும் அரங்குகளிலும் ஒலிக்கிறது. ஒருவரையொருவர் செவிமடுக்கும் ஐவர் கூடும் இடமெல்லாம் ஷூபர்ட் வாழ்கிறார்.

சொற்பொருள்
தமையன் – அண்ணன்
செவிமடுத்தல் – கவனமாகக் கேட்டல்
நாடியது – விரும்பியது