ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி

கண்ணிழந்தவர் பாடலாம், வீணை மீட்டலாம். சித்திரம் எழுதல் கூடுமோ? வங்காளத்து ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி அவர்களின் சரிதத்தை நோக்குமிடத்து இக்கேள்வியே நம்முன் வந்து நிற்கின்றது.

1904ஆம் ஆண்டு கல்கத்தாவை அடுத்த பெகாலாவிலே பிறந்த இவருக்கு ஒரு கண்ணிற் பார்வையே இல்லை. மற்றதும் மிகக் குறைந்த பார்வையுடையது. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை நாடியபோது நந்தலால் போஸ் தயங்கினார். ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுத்தலாகாது என்று மகாகவி தாகூர் கருதியமையால் இடம் கிடைத்தது. 1925இல் அங்கேயே ஆசிரியரானார்.

வீர்பூம் மாவட்டத்தின் செம்மண் மேடுகளும் பனைகளும் சந்தால் மக்களும் இவர் தூரிகைக்கு ஓயாத பொருளாயின. பனை நிழலில் வளர்ந்த நமக்கு அப்படங்கள் அந்நியமாகத் தோன்றா. 1937இல் ஜப்பான் சென்று அந்நாட்டு ஓவிய முறைகளை நேரிற் கண்டார். 1940இல் கலாபவன விடுதியொன்றின் கூரையின் உட்புறத்திலே, நடுவே குளமும் சுற்றிலும் கிராம வாழ்வுமாக ஒரு சித்திரம் தீட்டினார்.

இவற்றினும் மேலானதாக நாம் கொள்வது, 1946, 1947ஆம் ஆண்டுகளிலே இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இவர் வரைந்த அடியார் சரிதமாகும். இராமானுசர், கபீர்தாசர், சூர்தாசர், துளசிதாசர் முதலியோர் மக்கட் கூட்டத்தின் நடுவே ஆறுபோலத் தொடர்ந்து வருகின்றனர். தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவரும் அவ்வரிசையில் இருப்பது நமக்கு உவகை தருவது. ஈரச் சுண்ணச் சாந்து உலருமுன் வண்ணம் தீட்டும் முறை இது. பிழைத்தால் சாந்தைக் கொத்தியெடுக்க வேண்டியதுதான். சுவரளவான மாதிரிப் படம் எதுவுமின்றி, மங்கிய ஒற்றைக் கண்ணுடன் இவர் நேரே வரைந்தார். ஒரு சமயத்தில் ஒரு சிறு பகுதியையே காணவல்ல ஒருவர், மூன்று சுவரையும் முன்னரே மனத்தில் எழுதி முடித்திருத்தல் வேண்டும்.

பின்னர் நேபாளத்து அரும்பொருட்சாலையிலும் இராசபுத்தானத்துப் பனஸ்தலியிலும் பணியாற்றினார். 1956இற் கண்ணிற் செய்த சத்திர சிகிச்சை பலிக்காமல் எஞ்சிய பார்வையும் போயிற்று. அப்போது வயது 52.

ஆயினும் கை ஓயவில்லை. சாந்திநிகேதனம் மீண்டு கலை வரலாறு போதித்தார். நிறத்தாள்களை வெட்டி ஒட்டி உருவங்கள் செய்தார். மெழுகைப் பிசைந்து பதுமைகள் ஆக்கினார். வங்க மொழியிலே நூல்களும் இயற்றினார். பழைய மாணாக்கரான சத்யஜித் ராய் 1972இல் இவரைப் பற்றி, அகக்கண் என்று பொருள்படும் பெயருடன் ஒரு திரைப்படம் எடுத்தார். அவ்வாண்டிலேதான், முற்றும் பார்வையற்ற நிலையில், கலாபவனச் சுவரொன்றை மெருகிட்ட ஓடுகளாற் சித்திரமாக்கினார் இம்முதியவர். 1980இற் காலமானார்.